திருப்பணியும் இடிபணியும்

சிவாலயத்துக்குச் செய்யப்படும் தொண்டுகளுள் திருப்பணி தலையாயது என்பது சைவ நன்மக்கள் யாவர்க்கும் ஒப்ப முடிந்தது. அதன் பெருமையை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயினும் அப்பெயரைத் தாங்கிக்கொண்டு, ஆயிரம் ஆண்டு நின்று நிலவிய கற்றளியை அடியோடு பெயர்த்தெறிந்து, அவ்விடத்தே புதியதொன்றை எழுப்பி, குடமுழுக்காட்டி, உபயதாரர் பெயரைச் சலவைக் கல்லிற் பொறித்து வாயிலிற் பதித்தலும் திருப்பணியே என்னும் கொள்கை ஒன்று இந்நாளிற் பரவி நிற்கின்றது. அது திருப்பணியன்று, இடிபணி. இடிப்பார் அன்புடையராதல் கூடும். பொருளை வாரி வழங்குவாராதலும் கூடும். அன்பினால் இடிக்கப்பட்ட சுவரும் இடிந்த சுவரேயாம்.

இவ்வழக்கைப் புதுக்கோட்டை மாவட்டத்தின்கண் வைத்து ஆராய்தல் பெரிதும் பொருந்தும். என்னை? பழங்கோயில்கள் அத்துணை நெருங்கியுள்ள நிலம் தமிழகத்திற் சிலவே. திருவாதவூரடிகள் ஆட்கொள்ளப்பெற்ற திருப்பெருந்துறை அங்கே. பாடல் பெற்ற திருப்புனவாயில் அங்கே. இசைக் கல்வெட்டுடைய குடுமியான்மலை அங்கே. தம் நெற்கூட்டிற் களவு செய்த அடியாரைத் தண்டியாது, அக்கூட்டையே அடியார்க்குத் திறந்துவிட்ட இடங்கழி நாயனார் திருவவதாரம் செய்த கொடும்பாளூரும் அங்கேயே. அந்நாயனார் மரபாகிய இருக்குவேளிர் குடியிற் பிறந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை என்னும் இருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுத்தான். மதுரை மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுக முனிவர்க்குப் பெருமடமொன்று அளித்து, தவத்தோர் ஐம்பதின்மர் உண்ணும்பொருட்டுப் பதினோரூர்களையும் விட்டான். இன்று மூவர்கோயில் என்னும் பெயர் மூன்றென்கின்றது; நிற்பன இரண்டே. வடபால் விமானத்துக்கு அடிப்பகுதி மட்டும் எஞ்சியுள்ளது. அவ்வூர் ஐவர் கோயிலுக்கும் அதுவே கதி. மடத்தையும் ஊர்களையும் பற்றிய செய்தி எஞ்சிய சுவரொன்றின் வடமொழிக் கல்வெட்டினால் அன்றோ உலகிற்குத் தெரியலாயிற்று? அச்சுவரும் பெயர்க்கப்பட்டிருப்பின், நாயனார் மரபைப் பற்றிய அச்சான்று கருங்கற்சல்லியாய்ப் போயிருக்கும்.

இனி, இடிபணியை ஆதரிப்பார் கூறுவது யாதெனின்: "இறைவன் எங்கும் நிறைந்தவன், கல்லில் என்ன இருக்கின்றது? மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்த பின் பழங்கட்டடம் வெறுங்கல்லே; ஜீர்ணோத்தாரணம் ஆகமங்களில் விதிக்கப்பட்டதே" என்பர்.

இக்கூற்றின் முற்பகுதி சைவர் வாயில் வரத்தக்கதன்று. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் சீவன்முத்தர்க்கு விதித்த வழிபாட்டில் அடியாரையும் திருவேடத்தையும் மட்டுமன்றி, ஆலயத்தையும் அரனாகவே காணுமாறு பணித்தது. எங்குமுள்ளான் என்பதை நன்கறிந்த மெய்கண்டாரே ஆலயத்தைத் தனித்தெடுத்து ஓதினாராயின், எங்குமுள்ளான் என்பதையே கருவியாகக்கொண்டு ஆலயத்தை இகழ்தல் எந்நூல் நெறி? பிற்பகுதியோ அரைகுறைப் படிப்பின் பயன். காமிகம் முதலிய ஆகமங்களும் மயமதம் முதலிய சிற்ப நூல்களும் ஜீர்ணோத்தாரணத்தை விதித்தன என்பது மெய். எதற்கு விதித்தன? ஜீர்ணமானதற்கு. சிதைந்த உறுப்பை, முன்னை அளவும் அமைதியும் மாறாது, முன்னையதினும் தாழாத பொருளாற் புதுக்குக என்பதே அவற்றின் கருத்து. நோயுற்ற விரலுக்கு மருந்து சொன்ன நூலைக் காட்டி நோயற்ற உடம்பை அறுப்பாரை யார் மருத்துவர் என்பர்? மழைநீர் கசியும் தளவரிசையைச் சுண்ணச் சாந்திட்டுச் செப்பனிடல் புதுப்பணி அன்றாதலின் அதற்குப் புகழில்லை. புகழ் இல்லாத இடத்துப் பொருளும் வருவதில்லை. குறை ஆகமத்தின்மேல் இல்லை.

முன்னோர் எங்ஙனம் செய்தனர் என்பதற்கு நார்த்தாமலை விசயாலய சோழீச்சுரமே சான்று பகரும். வட்டக் கருவறையும் அதனைச் சூழ்ந்த பரிவாரக் கோயில்களும் உடைய அக்கற்றளியை எடுத்தவன் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன். மழையால் அது இடிந்தழியவே, மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுக்கினான். புதுக்கினவன் கல்வெட்டில் எடுத்தவன் பெயரும் இருக்கின்றது. இடிந்த காரணமும் இருக்கின்றது. பிறகே தன் பெயர். இக்காலத்துச் சலவைக் கற்கள் எத்தனையில் முன்பு எடுத்தவன் பெயர் காணப்படும்?

இதனினும் சிறந்த சான்று அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியில் உள்ளது. முதலாம் இராசராச தேவர் தம் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1013-ஐ ஒட்டிய காலத்தில், அத்தலத்து ஸ்ரீவிமானத்தைப் பிரித்து மீண்டும் எடுக்கப் பணித்தார். பணித்த அப்போதே, சுவரை வாங்குமுன் அதிலுள்ள கல்வெட்டுக்களை எல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்க என்றும் ஆணையிட்டார். பணி முற்றிய பின், அவர் திருமகனார் இராசேந்திர தேவர் காலத்தில், புத்தகத்திலிருந்த பழஞ்சாசனங்கள் புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவருக்கு முன்னரே செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவைக் கற்றளியாக்கிய ஞான்று, சிதறிக் கிடந்த பழங்கற்களின் வாசகங்களைப் படியெடுத்து, ஒவ்வொன்றையும் பழங்கற்படி எனக் குறித்து வெட்டுவித்தார். இடித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டம் மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்று சொல்லித் திரிவார் இவற்றை ஒருமுறை ஓதுக. உலகமாண்ட வேந்தன் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டு, ஊர்த் திருப்பணிக் குழுவுக்கு மட்டும் ஏலாதோ?

கல்வெட்டுக்களை அவ்வேந்தர் பேணியது பழமைக் காதலால் மட்டும் அன்று. அவை கோயிலின் உரிமைப் பத்திரங்கள். இன்ன நிலம், இன்ன எல்லை, இத்தனை நந்தாவிளக்கு, திருப்பதிகம் பாடுவார்க்கு இவ்வளவு நெல் என்பன அவற்றிற் காண்பன. சுவரை உடைப்பவன் சிவசொத்துக்குரிய ஆவணத்தைக் கிழிப்பவனே. மணல்வீச்சினால் சுவரைத் துலக்குபவனும் அவ்வெழுத்துக்களின் மேற்றோலை உரிப்பவனாம்.

பிறர் செய்த அழிவை நினைந்து சைவர் வருந்துவது உண்டு. கொள்ளிடத்துக் கீழணை 1836-இற் கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போயினர். தடுக்க முயன்ற ஊரார் தண்டிக்கப்பட்டனர் என்றும், ஈடாகச் செங்கல் மதில் எடுப்பதாகச் சொன்ன சொல் காக்கப்படவில்லை என்றும் அந்நூற்றாண்டின் குறிப்பொன்று கூறும். அந்த எழுத்தறியா ஊரார்க்கு இருந்த உணர்வு, கற்றறிந்த உபயதாரர்க்கு இல்லாதொழிந்தமை இரங்கத்தக்கது. அவ்வணையினாலாவது வயல் விளைந்தது.

இனி இந்நாளைச் சட்டநிலை. நடுவணரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத சின்னங்களைக் காக்க வந்தது. 2010-இல் அது திருத்தப்பட்டபோது, சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டர் கட்டடம் எழுப்பலாகாத எல்லையாகவும், அதற்கப்பால் இருநூறு மீட்டர் அனுமதி பெற்றே எழுப்பும் எல்லையாகவும் வகுக்கப்பட்டன. சின்னத்தை அழித்தார்க்கு ஈராண்டுச் சிறை வரையிலும் தண்டம் ஏறிற்று. மாநிலத்துக்கும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நல்லவையே, எனினும் பட்டியலில் ஏறிய சின்னத்தையே அவை காக்கும். மூவர்கோயிலுக்கும் சோழீச்சுரத்துக்கும் காவல் உண்டு. பட்டியலில் ஏறாத சிற்றூர்க் கற்றளிக்கு அக்காவல் இல்லை. எண்ணிக்கையில் மிக்கன இத்தகையவே. பாரம்பரிய ஆணையத்துக்கென 2012-இல் இயற்றிய மாநிலச் சட்டமோ, பல்லாண்டு நடைமுறைக்கு வாராமல் ஏட்டளவிற் கிடந்தது. சென்னை உயர்நீதிமன்றம், 2015-இல் நாளிதழில் வந்த முறையீட்டுக் கடிதம் ஒன்றைத் தானே வழக்காக எடுத்து, 2021 சூன் திங்களில் எழுபத்தைந்து கட்டளைகள் அடங்கிய தீர்ப்பை வழங்கிப் பழங்கோயிற் பாதுகாப்பை வலியுறுத்தியது. இடையில் 2017-இல் உலகப் பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோவின் குழுவும் கோயில்களைப் பார்த்துத் திருப்பணிகளின் குறைகளை எடுத்துக் காட்டிற்று. வெளியார் வந்து சொல்லும்வரை சைவத் திருக்கூட்டம் காத்திருந்தது என்பதே நாணத்தக்கது.

அற்றேல், "சமயச் செயலில் அரசு தலையிடலாமோ?" எனின், பூசையில் தலையிடலாகாது. எக்காலத்து எத்திரவியத்தால் அபிடேகம் செய்வது என்பதை அலுவலர் விதிப்பாராயின் அதனை எதிர்க்கச் சைவர் முன்னிற்க. கல்லைப் பெயர்க்குமுன் மைப்படி எடுத்தாயோ, அளவுப்படம் வரைந்தாயோ, ஊரார்க்கு அறிவித்தாயோ, ஆகமமுணர்ந்த சிவாசாரியரும் ஸ்தபதியாரும் கல்வெட்டறிஞரும் ஒருங்கிருந்து இசைந்தனரோ என்று வினவுதல் பூசையில் தலையிடுதல் ஆகாது. பூசை நடக்கும் இடத்தைக் காத்தலே அது. இவ்வினாக்களுக்கு விடை வரும்வரை ஒரு கல்லும் அசைதல் கூடாது என்னும் விதி, பட்டியலில் ஏறிய கோயிலுக்கும் ஏறாததற்கும் ஒப்ப, ஒவ்வோர் ஊராட்சி அளவிலும் நடைபெறுதல் வேண்டும். ஆதீனங்களும் சைவ சபைகளும் தத்தம் ஆட்சியிலுள்ள கோயில்களில் அரசாணையை எதிர்பாராது இதனைத் தொடங்கலாம். தடுப்பார் யாரும் இல்லை.

புதுக்கோட்டைக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. அது தனியரசாய் இருந்த காலத்தில், 1929-ஆம் ஆண்டு, அச்சீமையிலுள்ள கல்வெட்டுக்கள் 1,130-இன் மூலவாசகங்கள் திரட்டி அச்சிடப்பட்டன. 1948-இல் அச்சீமை இந்தியாவோடு இணைந்தது. நூல் இன்றும் இருக்கின்றது. அந்நூலைக் கையிற்கொண்டு, ஊர்தோறும் கோயில்தோறும் சென்று, ஒவ்வொரு கல்வெட்டும் அது கண்ட சுவரில் இன்றும் உளதா என்று ஒப்புநோக்குதல் மாவட்டத்துச் சைவ சபைகளால் ஓராண்டிற் செய்து முடிக்கத்தக்க பணி. நூலில் உள்ளது சுவரில் இல்லையாயின், அச்சுவர் எந்த ஆண்டில், எவர் அனுமதியால், எந்தத் திருப்பணியில் மறைந்தது என்று கேட்கப்படுக. மறுமொழி எழுத்தில் பெறப்படுக. காணாமற்போன வாசகம், திருமழபாடியிற் செய்தது போல, அந்நூலைப் பார்த்து அக்கோயிற் சுவரிலேயே மீண்டும் வெட்டப்படுக. செலவைப் புதுச் சுவர் எடுத்தவரே ஏற்க.