அப்பாவி, குற்றவாளி, அப்புறம் ஒரு தனி டம்ளர்

போன மாசம் ஊர்ல ஒரு கல்யாணம். பந்தியில என் பக்கத்துல ஒரு பையன் வந்து உக்காந்தான். ஒன்பதாவது படிக்கிறான், தூரத்துச் சொந்தம், எனக்குத் தம்பி முறை. அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியம்மா, "முட்டி வலிக்குதுப்பா, நாற்காலி போட்ட எடத்துக்குப் போறேன்"னு எழுந்துட்டாங்க. அப்புறம் இன்னொருத்தர். சாம்பார் வாளி வர்றதுக்குள்ள அவனுக்கு அந்தப் பக்கம் நாலு இலை காலி.

அவன் அப்பா லாரி ஓட்டினவர். எச்.ஐ.வி. வந்து செத்துப் போனார். பையனுக்குத் தொற்று இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்ல. நான் எழுந்து போகல. ஆனா வாயைத் திறந்து ஒரு வார்த்தையும் கேக்கல. அதனால இந்தப் பதிவுல முதல் திட்டு எனக்குத்தான். மிச்சத்தை எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கறேன்.

"கிராமத்து ஜனங்க, விவரம் பத்தாது"ன்னு யாராவது ஆரம்பிச்சீங்கன்னா, ஒரு நிமிஷம். மாம்பழ ஜூஸ்ல யாரோ எய்ட்ஸ் ரத்தத்தைக் கலந்துட்டாங்கன்னு ஒரு புரளி வருஷக்கணக்கா சுத்துதே, அதை எனக்கு அனுப்பினது யார் தெரியுமா? என்கூட இன்ஜினியரிங் படிச்சவன். சாப்பாடு மூலமா எச்.ஐ.வி. பரவாது. உடம்புக்கு வெளிய அந்த வைரஸ் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்காது. இதெல்லாம் பத்தாவது அறிவியல்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சதுதான். எலிசா, வெஸ்டர்ன் பிளாட்னு சோதனைப் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோம். காலேஜ்ல செஞ்சுருள் சங்கம் இருந்துச்சு. டிசம்பர் 1 ஊர்வலத்துல ரிப்பன் குத்திக்கிட்டு நடந்தோம், பிஸ்கட் சாப்பிட்டோம். ஆக, விவரம் இல்லாம இல்ல. விவரம் விடைத்தாள்லயே தங்கிப்போச்சு.

என் சந்தேகம் என்னன்னா, நமக்குக் கத்துக்குடுத்ததே விழிப்புணர்வு இல்ல, பயம். 1986ல சென்னையிலதான் டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவோட முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. அன்னிக்கு மருந்து இல்ல, அதனால பயமுறுத்தினாங்க, சரி. மண்டையோடு, எலும்புக்கூடு, உயிர்க்கொல்லி. புள்ளிராஜா விளம்பரம் வந்தப்போ நான் ஒன்னாங்கிளாஸ்கூடத் தாண்டல. அர்த்தமே தெரியாம கிளாஸ்ல ஒல்லியா இருந்த ஒருத்தனை அந்தப் பேர் சொல்லி ஓட்டினோம். ஒரு நோயோட பேரை வசவா மாத்த ஒன்னாங்கிளாஸ் பசங்களுக்கே முடிஞ்சிருக்கு.

மருந்து வந்துடுச்சு சாமிகளா. 2004 ஏப்ரல்ல இருந்து அரசாங்கம் இலவசமா கூட்டு மருந்து குடுக்குது. முதல்ல ஆரம்பிச்ச இடங்கள்ல நம்ம தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒண்ணு. இன்னிக்குப் பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஒழுங்கா சாப்பிட்டா வைரஸ் அளவு சோதனையில கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிடும். அப்படி இறங்கினவங்ககிட்ட இருந்து உடலுறவு மூலமாகூடப் பரவறதில்லன்னு பெரிய பெரிய ஆய்வுகள் காட்டியாச்சு. சிகிச்சையில்லாத தாய்கிட்ட இருந்து குழந்தைக்குத் தொற்ற வாய்ப்பு 15ல இருந்து 45 சதவீதம். சிகிச்சை எடுத்தா 5 சதவீதத்துக்கும் கீழ. நோய் இவ்வளவு மாறிடுச்சு. நம்ம மூஞ்சி மட்டும் 1986லயே நிக்குது.

இப்போ ஹாஸ்டல்ல இருக்கற ஒரு பதினஞ்சு வயசுப் பையனையோ பொண்ணையோ நினைச்சுப் பாருங்க. ராத்திரி மாத்திரை போடணும். ரூம்ல ஆறு பேர். "என்னடா மாத்திரை அது?"னு ஒருத்தன் கேட்டா முடிஞ்சது கதை. இன்னிக்கு வேணாம், நாளைக்குப் போட்டுக்கலாம். நாளைக்கும் அதேதான். விட்டு விட்டுச் சாப்பிட்டா வைரஸ் மறுபடி ஏறும், அந்த மருந்துக்கே அடங்காமலும் போகலாம். அதாவது நம்ம பார்வைக்குப் பயந்து அந்தப் பிள்ளை மாத்திரையைத் தள்ளிப் போடுது. உடம்பைக் கெடுக்கறது பாதி வைரஸ், மீதி நாம.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 2018 டிசம்பர்ல விருதுநகர் மாவட்டத்துல ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்த ரத்தத்தை ஏத்தினது ஞாபகம் இருக்கா? ரத்தம் குடுத்தது 19 வயசுப் பையன். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தப்பத்தான் தொற்று இருக்கறது தெரிஞ்சு, அவனே ஓடிவந்து தகவல் சொன்னான். அதுக்குள்ள ரத்தம் ஏத்தியாச்சு. ரத்தத்தைச் சோதிக்க வேண்டியது ரத்த வங்கியோட வேலை. அவன் பண்ணினது, நம்மள்ல எத்தனை பேர் பண்ணுவோம்னு தெரியாத ஒரு நேர்மையான காரியம். அந்த மாசம் முடியறதுக்குள்ள அவன் தற்கொலைக்கு முயன்று, மதுரை ஆஸ்பத்திரியில இறந்து போனான்.

அப்போ டீக்கடையிலயும் டிவி முன்னாடியும் என்ன பேசினோம்? "அந்தப் பொண்ணு பாவம், ஒரு தப்பும் பண்ணல." ரொம்பச் சரி. ஆனா அந்த வாக்கியத்தோட மறுபாதியை யாரும் சத்தமா சொல்லல: அப்போ அந்தப் பையன் ஏதோ தப்பு பண்ணவன்.

என் சண்டையே இந்த இடத்துலதான். "அப்பாவிக் குழந்தைகளை ஒதுக்காதீங்க"ன்னு நல்ல மனசோட சொல்றவங்களைத்தான் நான் குறி வைக்கறேன். அப்பாவின்னு ஒரு வரிசை போட்டா, பக்கத்துல குற்றவாளின்னு இன்னொரு வரிசை தானா வந்துடும். பதினேழு வயசுல காதலிச்ச பொண்ணு எந்த வரிசை? செத்துப்போன லாரி டிரைவர் எந்த வரிசை? அப்பாவைக் குற்றவாளி வரிசையில நிக்க வெச்சுட்டு, பிள்ளைகிட்ட "நீ அப்பாவிடா கண்ணு"ன்னா அவனுக்கு வலிக்காதா? சர்க்கரை வியாதிக்காரர்கிட்ட எப்படி வந்துச்சுன்னு நடத்தைச் சான்றிதழ் கேட்டுட்டா இன்சுலின் போடறோம்?

அடுத்து, "எங்க பிள்ளைங்க பாதுகாப்பு?"ன்னு கேக்கற பெத்தவங்க. 2003ல கேரளாவுல கொல்லம் பக்கத்துல இதையே சொல்லித்தான் ரெண்டு அநாதைப் பிள்ளைகளை ஸ்கூல்ல சேர்க்க விடாம நின்னாங்க. பக்கத்துல உக்காந்தா, டிபன் பாக்ஸைப் பகிர்ந்தா, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா, கபடி ஆடினா பரவாது. மூக்குல ரத்தம் வந்தா கையுறை போட்டுத் துடைங்க. அதை எல்லாப் பிள்ளைக்கும் செய்யுங்க, யாருக்கு என்ன இருக்குன்னு தெரிய வேண்டியதே இல்ல. 2017ல வந்து 2018 செப்டம்பர்ல அமலான எச்.ஐ.வி. சட்டமும் இதைத்தான் சொல்லுது: தொற்றைக் காரணம் காட்டிப் படிப்பை மறுக்கக்கூடாது, சம்மதமில்லாம அடுத்தவங்க நிலையை வெளிய சொல்லக்கூடாது. ஹெட்மாஸ்டர் ஸ்டாஃப் ரூம்ல கிசுகிசுத்தாலும் அது தப்புதான்.

வீடு இருக்கே, அது இன்னும் மோசம். அங்க சட்டமும் வராது, ஹெட்மாஸ்டரும் வரமாட்டார். தனித் தட்டு, தனிச் சோப்பு, தனி டம்ளர். டீக்கடையில ரெட்டை டம்ளர்னா மேடை போட்டுக் கண்டிக்கற ஊர் இது. அதே டம்ளரை அடுப்படி மூலையில சொந்தப் பேரனுக்கு வெச்சா "சுத்தம்"னு சொல்றோம். ரெண்டும் ஒரே புத்திதான்.

இதுக்குப் பெரிய திட்டமெல்லாம் எங்கிட்ட இல்ல. வாத்தியார் நண்பர்களே, பரவும் விதம் நாலு, பரவா விதம் நாலுன்னு முடிக்காம, மாத்திரை போட்டா என்ன ஆகும்னு பத்து நிமிஷம் சேர்த்துச் சொல்லுங்க. பெத்தவங்க, பிள்ளை முன்னாடி "அவனுக்கு எப்படி வந்துச்சாம்?"னு கேக்கறதை நிறுத்துங்க. அந்தக் கேள்வியை உங்க பிள்ளை நாளைக்கு ஸ்கூல்ல இன்னொருத்தன்கிட்ட கேக்கும்.

நான்? அடுத்த மாசம் அதே சொந்தத்துல ஒரு காதுகுத்து. போறேன். பெரியம்மா எழுந்தா, இந்தத் தடவை "முட்டி வலியா, இல்ல வேற ஏதாவதா பெரியம்மா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன். அப்புறம் வீட்டுல விழற திட்டைத் தனிப் பதிவா போடறேன்.