ஊர்ல போட்டா அடங்கிடுவானா?

பையன் ஒன்பதாம் வகுப்பு வந்து எதிர்த்துப் பேச ஆரம்பித்தால் போதும். "ஊர்ல ஒரு ஹாஸ்டல்ல போட்ருங்க சார், தானா அடங்கிடுவான்" என்று யோசனை சொல்ல இங்கே தோஹாவில் நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் பாலராமபுரம். தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை, எல்லை தாண்டினால் மார்த்தாண்டம். விடுதிக்கா பஞ்சம்? ஆனால் இந்த வைத்தியமே தப்பு என்கிறேன்.

படிப்புக்காகவோ, இங்கே ஃபீஸ் கட்ட முடியாமலோ அனுப்புகிறவர்களைச் சொல்லவில்லை. 'திருத்துவதற்கு' அனுப்புகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

"அவன் அண்ணன் ஒழுங்கா இருந்தானே?" இருந்திருப்பான். இவன் அண்ணன் இல்லையே! 1956-ல் நியூயார்க்கில் தாமஸ், செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர் கைக்குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். சுபாவம் அந்த வயதிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அதற்கும் பெற்றோர் எதிர்பார்ப்புக்கும் பொருந்தாதபோதுதான் சிக்கல் முற்றுகிறது என்றார்கள். இதற்கு நியூயார்க் வரை போக வேண்டாம். எங்கள் ஊர் சாலியர் தெருவில் கேளுங்கள். 40-ஆம் நம்பர் நூலை இழுக்கிற மாதிரி 100-ஆம் நம்பர் நூலை இழுத்தால் அறுந்துவிடும்.

சரி, ஹாஸ்டலில் என்ன நடக்கிறது? வார்டனுக்குப் பயந்து அடங்குகிறான். அது அடக்கம். வார்டன் இல்லாதபோது தானே நிறுத்திக்கொள்வதுதான் சுயகட்டுப்பாடு. இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று. 2005-ல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் இருவரும் ஒரு கார் விளையாட்டு வைத்துப் பார்த்தார்கள். கூட நண்பர்கள் இருந்தால் விடலைப் பிள்ளைகள் அதிகம் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள்; பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. மூளையில் பிரேக் போடும் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதும் தாண்ட வேண்டும். அப்படிப்பட்டவனை அப்பா அம்மாவிடமிருந்து பிரித்து, அதே வயசுப் பையன்கள் நாற்பது பேர் நடுவில் விடுகிறோம். பேர் ஒழுக்கம்!

சுயகட்டுப்பாடு முக்கியம்தான். நியூசிலாந்தின் டுனெடினில் 1972-73-ல் பிறந்த சுமார் 1,000 பேரை 32 வயதுவரை தொடர்ந்த ஆய்வு 2011-ல் வெளியானது. சிறுவயதில் அது குறைந்தவர்களுக்குப் பின்னால் உடம்பிலும் பணத்திலும் கஷ்டம் அதிகம். ஆனால் வளர வளர அதைக் கூட்டிக்கொண்டவர்கள் தேறினார்கள். ஆகவே பழக்கலாம். மாதக் கைச்செலவை அவன் கையிலேயே கொடுங்கள். செல்போன் நேரத்தை அவனோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தவறினால் அதன் பலனை அவனே பார்க்கட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

அந்தப் 'பக்கத்தில் இருப்பது' நமக்குத்தான் முடியவில்லை. அதற்குப் பையனையா நாடு கடத்துவது?