வைக்கலை எரிச்சுப்போட்டு யூரியாவுக்கு வரிசையா?

மாசி, பங்குனியில பழுகாமத்துப் பக்கம் வந்து பாருங்க, வட்டை எல்லாம் புகைதான். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிய, மெசின் கக்கிவிட்ட வைக்கலுக்கு நெருப்பு. அது குப்பை இல்லை மக்களே! நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கிற பொட்டாசியத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் வைக்கலில்தான் நிற்கும். நைதரசனிலும் கணிசமான பங்கு. எரிச்சா அந்த நைதரசன் அநேகமா முழுக்கப் புகையாப் போயிரும். பிறகு அதையே யூரியா மூடையா வாங்க வரிசையில் நிற்கிறம்.

2021 இல் இரசாயன உரத்தைத் திடீரெண்டு தடைசெய்த அரசைத் திட்டினம். சரியாத்தான் திட்டினம். ஆனா அந்த வருசமும் எங்கட வட்டைக்குள்ள புகை நிற்கல்லையே?

"நேரமில்லை தம்பி" எண்டு பெரியாக்கள் சொல்லுவாங்க. நவகிரித் தண்ணியில சிறுபோகம் செய்யிறவங்க சொன்னா ஒத்துக்கொள்ளலாம். பச்சை வைக்கலை உழுது தாட்டு, ரெண்டு மூணு கிழமை உக்கவிடாம விதைச்சா பயிர் மஞ்சளாகும். உக்க வைக்கிற நுண்ணுயிரே நைதரசனை இழுத்துக்கொள்ளும். மானாவாரிக்காரருக்கு என்ன அவசரம்? புரட்டாசி வரைக்கும் வயல் சும்மாதானே கிடக்கு! மாட்டுக்காரங்க அள்ளினது போக மிச்சத்தை, வெட்டின கையோட மண் ஈரம் காயமுதல் ஒரு உழவில தாட்டா, விதைப்புக்கிடையில உக்கிரும்.

அந்த ஒரு உழவுக்கு மெசின் கூலி ஆரு குடுக்கிற? உர மானியம் கேக்கிற வாயால அதையும் கேப்பம், அடுத்த ஆரம்பக் கூட்டத்திலயே.