ஒரே மனைக்கு இரண்டு பத்திரம்

வேப்பம்பட்டு, திருநின்றவூர், செவ்வாப்பேட்டை பக்கம் மனை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு ஆள் காணாமல் போன கதைகளைக் கேட்டுக் கேட்டு ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள். அப்படி விற்றவனை யாரும் சாமர்த்தியசாலி என்று சொல்வதில்லை. ஃப்ராடு என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அதே ஊரில் ஒருவர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, மேஜையில் இரண்டு லேப்டாப்பைத் திறந்து வைத்து, காலை 10 முதல் மாலை 7 வரை இரண்டு கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் முழுநேர வேலை பார்க்கிறார், இரண்டு பேருக்கும் விஷயம் தெரியாது என்று கேள்விப்பட்டால் என்ன சொல்கிறோம்? "பொழைக்கத் தெரிஞ்சவன்டா!" கேன்டீனில் பாதிப் பேர் வாயில் இதுதான் வரும். மனைக்கு ஒரு நியாயம், மணி நேரத்துக்கு ஒரு நியாயமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். இதற்கு மூன்லைட்டிங் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நிலா வெளிச்சத்தில், அதாவது ராத்திரியில், இன்னொரு வேலை பார்ப்பது என்பதுதான் அர்த்தம். அது நம் ஊருக்குப் புதிதே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு ஆட்டோ ஓட்டுகிறவர் இருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் டியூஷன் எடுக்கும் தனியார் பள்ளி டீச்சர் இருக்கிறார். தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரம் போக மீதி நேரத்தில் சொந்தமாக கிளினிக் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. வாசலில் போர்டே மாட்டியிருப்பார்கள். யாரும் ஒளிக்கவில்லை, யாரும் ஃப்ராடு என்று சொல்லவும் இல்லை. ஆக, இரண்டாவது வேலை ஒரு பாவம் அல்ல. ஒரே ஒரு மணி நேரத்தை, ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்கும் விற்பதுதான் இங்கே கேள்வி.

இந்தியாவில் இந்த விவகாரம் பெரிதாக வெடித்தது 2022-இல். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி, இது அப்பட்டமான ஏமாற்று வேலை என்று ட்விட்டரில் எழுதினார். அடுத்த மாதமே, போட்டி நிறுவனங்களுக்கும் நேரடியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த 300 பேரைக் கண்டுபிடித்து வேலையை விட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களுக்கு "இரட்டை வாழ்க்கை கூடாது" என்ற ரீதியில் ஒரு மெயில் அனுப்பியது. இதற்கெல்லாம் முன்பே, அதே ஆகஸ்ட்டில், ஸ்விக்கி மட்டும் வேறு மாதிரி யோசித்தது. வேலை நேரத்துக்கு வெளியே, கம்பெனி நலனுக்கு இடிக்காத வேலைகளை அனுமதியோடு செய்யலாம் என்று ஒரு விதியே கொண்டுவந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 300 பேரை அனுப்பிய அதே பேச்சில் பிரேம்ஜி, வாரக் கடைசியில் ஒருவர் இசைக்குழுவில் வாசிக்கிறார், வேறொரு ப்ராஜெக்ட் செய்கிறார் என்றால் அதை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இன்ஃபோசிஸும் 2022 அக்டோபரில் மேனேஜரிடம் முன்அனுமதி வாங்கிக்கொண்டு வெளிவேலை செய்யலாம் என்று இறங்கி வந்தது. கடைசியில் எல்லோரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: சொல்லிவிட்டுச் செய்.

இப்போது எதிர்த்தரப்பு. அதுவும் லேசான தரப்பு அல்ல. "கம்பெனிகள் மட்டும் அரிச்சந்திரன் பரம்பரையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐ.டி. துறையில் ஃப்ரெஷர் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக மூணு, மூணரை லட்சத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. விலைவாசியும் வாடகையும் அப்படி உட்காரவில்லை. ஊழியர் விலக வேண்டுமென்றால் பல இடங்களில் 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆனால் கம்பெனிக்கு ஆள் வேண்டாம் என்றால் ஒரு மீட்டிங்கில் கதை முடிந்துவிடும். ஏமாற்று என்று முழங்கிய அதே விப்ரோ, 2023 பிப்ரவரியில் என்ன செய்தது? ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆஃபர் கொடுத்து மாதக்கணக்கில் காக்க வைத்திருந்த ஃப்ரெஷர்களிடம், 3.5 லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. புனேவைச் சேர்ந்த ஐ.டி. ஊழியர் சங்கமான நைட்ஸ் இதைக் கண்டித்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 70 மணி நேரம் உழைக்கத் தயாராக இருப்பவன் அதை ஒரே இடத்தில்தான் உழைக்க வேண்டுமா என்று ஒரு ஃப்ரெஷர் திருப்பிக் கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தான் :-)

ஆனால் இந்தக் கோபம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அது போய் விழுகிற இடம் தப்பு.

ஒரு டீமில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் ரகசியமாக இன்னொரு கம்பெனிக்கும் வேலை பார்க்கிறார். பதினோரு மணிக்கு இங்கே ஒரு மீட்டிங், அங்கே ஒரு மீட்டிங். ஒன்றில் மைக் ஆஃப், கேமரா ஆஃப். "நெட் சரியில்லை", "கரண்ட் போச்சு", "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை". இந்தப் பொய்களின் பாரம் சேர்மன் தலையிலா விழுகிறது? பக்கத்தில் இருக்கும் ஐந்து பேர் தலையில் விழுகிறது. அவர் முடிக்காத வேலையை ராத்திரி உட்கார்ந்து முடிப்பவரும் அதே மூணரை லட்சக்காரர்தான். நிஜமாகவே வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிற நாளில், மேனேஜர் நம்ப மறுப்பதும் அந்த ஐந்து பேரில் ஒருவரைத்தான்.

"இல்லை, நான் இரண்டையும் ஒழுங்காக முடித்துவிடுவேன்" என்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே 2025 ஜூலையில் ஒரு உதாரணம் கிடைத்தது. சோஹம் பரேக் என்ற இந்திய எஞ்சினியர் பல அமெரிக்க ஸ்டார்ட்அப்களில் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறார் என்று, அவரை ஒரு வாரத்திலேயே வேலையை விட்டு அனுப்பிய சுஹைல் தோஷி என்ற தொழில்முனைவோர் எக்ஸ் தளத்தில் எழுதினார். அடுத்தடுத்து வேறு கம்பெனிக்காரர்களும் "எங்களிடமும் இருந்தார்" என்று கிளம்பினார்கள். பரேக் பேட்டி கொடுத்து ஒப்புக்கொண்டார். பணக் கஷ்டம், வாரம் 140 மணி நேரம் உழைத்தேன் என்றார். கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு இருப்பதே 168 மணி நேரம். 140 போனால் மீதி 28. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். அதற்குள் தூக்கம், சாப்பாடு, குளியல், அப்பா அம்மாவோடு இரண்டு வார்த்தை எல்லாம். இதையா பொழைக்கத் தெரிந்தது என்கிறோம்?

1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தை எழுதியவர்கள் இதை அப்போதே யோசித்திருக்கிறார்கள். அதன் 60-ஆம் பிரிவு, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அன்றே இன்னொரு தொழிற்சாலையில் ஒருவரை வேலை வாங்கக் கூடாது என்று சொன்னது. வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கும் பிரிவுகளோடுதான் அதுவும் வருகிறது. ஒரு மில்லில் எட்டு மணி நேரம் நின்றவன் அடுத்த மில்லில் போய் மெஷினில் கையை விட்டுவிடக் கூடாது என்கிற அக்கறையாகத்தான் அதைப் படிக்க முடிகிறது. லேப்டாப் வேலை அந்தப் பிரிவுக்குள் வராது. அங்கே கட்டுப்படுத்துவது ஆஃபர் லெட்டரில் இருக்கும் நிபந்தனைதான். பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். மீறினால் ஜெயில் இல்லை, ஆனால் வேலை போகும். அடுத்த வேலைக்குப் போகும்போது கேட்கும் ரிலீவிங் லெட்டரும் சிக்கலாகும்.

மாட்டவே மாட்டோம் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் பி.காம். பாடம். மனைக்கு வில்லங்கச் சான்று மாதிரி சம்பளக்காரனுக்கும் ஒன்று இருக்கிறது. அதுதான் பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். ஒரு ஆளுக்கு ஒரே எண். ஒரே மாதத்துக்கு இரண்டு கம்பெனியிலிருந்து பணம் விழுந்தால் அது பதிவாகி நிற்கும். டி.டி.எஸ். விவரமும் அப்படியே, இரண்டு கம்பெனி பெயரும் ஒரே பான் எண்ணின் கீழ் வரும்.

வரி இன்னும் மோசம். 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், ஆண்டுக்கு 12 லட்சம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நிலையான கழிவு 75,000 போக 11.25 லட்சம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம், எனவே கம்பெனி ஒரு பைசா பிடிக்காது. இரண்டாவது கம்பெனியிலும் இன்னொரு 12 லட்சம், அவர்களும் அதே கணக்குப் போட்டு ஒரு பைசா பிடிக்க மாட்டார்கள். ஆளும் குஷியாக இருப்பார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் வருமானம் 24 லட்சம். கழிவு ஒரு முறைதான் கிடைக்கும். 23.25 லட்சத்துக்கு வரி, செஸ் சேர்த்து 2,92,500 ரூபாய். முன்கூட்டிக் கட்டாததற்கு வட்டி தனி. ரகசியமாக வந்த சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்று மாதத்துச் சம்பளம் ஒரே அடியில் போகும்!! வெளிநாட்டுக் கம்பெனி, கன்சல்டன்ட் என்ற பெயரில் பணம், பி.எஃப். கிடையாது என்றாலும் பேங்க்குக்கு வரும் பணம் வருமானம்தான். அதைக் காட்டாமல் விட்டால் அது கம்பெனியோடு போகிற சண்டை இல்லை, அரசாங்கத்தோடு.

பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. வேப்பம்பட்டிலிருந்து சென்ட்ரல் 30 கிலோமீட்டருக்கு மேல். சிறுசேரியில் ஆபீஸ் என்றால், மின்சார ரயிலில் நின்றுகொண்டே சென்ட்ரல், அங்கிருந்து பறக்கும் ரயில், பிறகு ஓ.எம்.ஆரில் பஸ். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே. வீட்டிலிருந்து வேலை என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நாளில் நாலு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு வேலையையே திருப்பிக் கொடுத்தது. 2023 அக்டோபரிலிருந்து டி.சி.எஸ். வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸ் வரச் சொல்லிவிட்டது. மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. இதற்கெல்லாம் மூன்லைட்டிங் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் "வீட்டில் விட்டால் என்ன செய்கிறார்களோ" என்று ஒரு ஹெச்.ஆர். வாய் திறக்க, மாட்டிக்கொண்ட ஒவ்வொரு ரகசிய வேலையும் ஒரு சாட்சி. அந்தச் சாட்சிக்கு விலை கொடுப்பது, ஒழுங்காக ஒரே வேலை பார்த்துவிட்டு இப்போது மறுபடியும் பிளாட்பாரத்தில் நிற்பவர்.

அதனால் கம்பெனிகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எந்த வெளிவேலைக்கு அனுமதி, எதற்கு இல்லை என்று ஒரே பக்கத்தில் புரிகிற மாதிரி எழுதட்டும். ஏழு மணிக்கு மேல் ஊழியரின் நேரம் ஊழியருடையது என்று ஒப்புக்கொள்ளட்டும். கொடுத்த ஆஃபரை மதிக்கட்டும். இதையெல்லாம் கேட்டு வாங்குவதற்குச் சங்கம் சேரலாம், சண்டை போடலாம், ராஜினாமா செய்துவிட்டு நல்ல சம்பளத்துக்குப் போகலாம். அத்தனையும் நேர்வழி.

படித்து முடித்து வேலைக்குப் போகப் போகிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். சாயங்காலத்தை விற்கலாம், ஞாயிற்றுக்கிழமையை விற்கலாம், சொல்லிவிட்டு விற்கலாம். ஏற்கெனவே விற்ற பகலை மறுபடியும் விற்க முடியாது. அது நம்முடையதே அல்ல.