வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

முழங்கால் வலி, கழுத்துப் பிடிப்பு, விரல் மரத்துப்போதல் என்று எந்தக் குறையோடு வந்தாலும், பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவரிடம் நாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறீங்க?” அவர் “நூறு” என்பார். நாமும் நோயாளிக் குறிப்பில் நூறு என்று எழுதிக்கொண்டு முழங்காலைப் பரிசோதிக்கப் போய்விடுவோம். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நகரங்களில் பெருகிவரும் இந்த நாளில், நம் துறை அவசரமாகத் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம் இது. அந்த நூறை வைத்துக்கொண்டு நாம் எந்த முடிவுக்கும் வர முடியாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்துப் பேர் கொண்ட குழுவின் நடுவில், முன்னால் போகிறவரின் மறைவில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு நூறு கிலோமீட்டர் என்பது 3 மணி 20 நிமிடம். கியர் இல்லாத சைக்கிளில் தனியாக, மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அதே தூரம் 6 மணி 40 நிமிடம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவருக்குப் பத்துக் கிலோமீட்டரே ஒரு மணி நேரம் பிடிக்கலாம். வேகம் கூடினாலும் கணக்கு மாறிவிடும். காற்றுத் தடையை எதிர்த்துச் செலவாகும் திறன், வேகத்தின் மும்மடிப்பெருக்கமாக உயர்கிறது. மணிக்கு 20 கி.மீ.யிலிருந்து 30 கி.மீ.க்குப் போகிறவர் காற்றுக்கு எதிராக மட்டும் மூன்று மடங்குக்கும் மேல் உழைக்கிறார். நாள்தோறும் உப்புக்காற்றை எதிர்த்து மிதிக்கும் சென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறிப்பை எழுதும்போது நமக்குத்தான் மறந்துபோகிறது.

திசுக்களுக்குக் கிலோமீட்டர் தெரியாது. எத்தனை முறை மடங்கி நீண்டது, எவ்வளவு சுமையில், எத்தனை நேரம் ஒரே நிலையில் இருந்தது என்பதே அவற்றுக்குக் கணக்கு. நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கிறவரின் முழங்கால் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை மடங்குகிறது. ஐந்து மணி நேர ரைடில் அது 24,000. பெடல் கீழ்நிலையில் இருக்கும்போது முழங்கால் மடிப்பு 25 முதல் 35 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று நாம் படித்திருக்கிறோம். சீட் தாழ்ந்து அந்த அளவைத் தாண்டினால் முழங்கால் சில்லின் பின்புறம் கூடும் அழுத்தம் ஒருமுறைக்குச் சிறியதுதான். 24,000 முறை என்றால் அது சிறியதல்ல. சீட்டை உயர்த்தச் சொல்வதற்கு முன்பே எத்தனை மணி நேரம் அதில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். குயோன் குழாயில் உல்நார் நரம்பு நசுங்கி மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவதும் இப்படித்தான். ஹேண்டில்பார்மேல் உள்ளங்கை இறுகியிருந்த நேரமே அங்கே காரணம்.

பலனை அளந்த ஆய்வுகளும் தூரத்தை விட்டு நேரத்தையே பிடித்துக்கொண்டன. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வயது வந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்த பழைய நிபந்தனையும் அதில் நீக்கப்பட்டது. உடலுழைப்புத் தொகுப்புப் பட்டியலின் 2011 பதிப்பில், மணிக்கு 16 முதல் 19 கி.மீ. வேகத்தில் ஓய்வாகச் சைக்கிள் ஓட்டுவதற்கு 6.8 மெட் என்று மதிப்பு தரப்பட்டிருக்கிறது. 6 மெட்டைத் தாண்டினாலே அது கடும் உழைப்பு. அந்த வேகத்தில் வாரத்துக்கு 75 நிமிடம் மிதிக்கிறவர் வழிகாட்டுதலின் கீழெல்லையைத் தொட்டுவிடுகிறார். நம் மருத்துவமனைக்கு வந்து “நான் ரொம்பக் கம்மிதான் சார் ஓட்டுறேன்” என்று தயங்குகிறவர்களில் பலர் இந்த எல்லையை ஏற்கெனவே தாண்டியவர்கள்.

நடை, சைக்கிள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் கெல்லியும் குழுவினரும் வெளியிட்ட பகுப்பாய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. வாரத்துக்கு 11.25 மெட்-மணி அளவுக்குச் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம், மற்ற உடலுழைப்பைக் கழித்துப் பார்த்த பிறகும், இறப்பு அபாயம் சுமார் 10 விழுக்காடு குறைந்திருந்தது. மேலே சொன்ன வேகத்தில் அது 100 நிமிடம். அளவு கூடக்கூடப் பலனும் கூடியது. ஆனால் ஒன்றுமே செய்யாத நிலையிலிருந்து தொடங்கும் முதல் பகுதியில்தான் ஏற்றம் மிகச் செங்குத்தாக இருந்தது. நெதர்லாந்தைப் பாருங்கள். அங்கே வயது வந்தோர் சராசரியாக வாரத்துக்கு 74 நிமிடம்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். கடைக்கும் வேலைக்கும் போய்வரும் மிதியும் அதில் அடக்கம். அந்த 74 நிமிடம் ஆண்டுக்கு சுமார் 6,500 இறப்புகளைத் தவிர்க்கிறது என்றும், சராசரி ஆயுளில் அரை ஆண்டைக் கூட்டுகிறது என்றும் ஃபிஷ்மனும் குழுவினரும் 2015-இல் கணக்கிட்டார்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்றே மேல்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்ச் சைக்கிள் குழுக்களில் தூரம் ஒரு தகுதியாகிவிட்டது. செயலியில் யாருடைய வாரக் கணக்கு பெரியது என்ற போட்டியில், ஒரு மணி நேரம் ஓட்டுகிறவர் தன்னைச் சைக்கிள்காரர் என்று சொல்லவே கூச்சப்படுகிறார். சிகிச்சைக்கு வந்த இடத்தில் நாமும் “அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டால் அவர் அந்த ஒரு மணி நேரத்தையும் விட்டுவிடுவார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டுகிறவரை ஒன்றரை மணிக்குக் கொண்டுவருவது, எட்டு மணி ஓட்டுகிறவரைப் பத்து மணிக்குத் தள்ளுவதைவிட மருத்துவ மதிப்பில் பெரிய காரியம்.

உழைப்பின் கடுமையையும் கேட்டாக வேண்டும். கோபன்ஹேகன் நகர இதய ஆய்வில் ஷ்னோரும் குழுவினரும் 2012-இல் கண்டது, சைக்கிள் ஓட்டிய நேரத்தைவிட ஒப்பீட்டுக் கடுமைக்கே ஆயுளோடு நெருங்கிய தொடர்பு என்பது. வேகமாக ஓட்டுவதாகச் சொன்ன ஆண்கள், மெதுவாக ஓட்டுவதாகச் சொன்னவர்களைவிட 5.3 ஆண்டும், பெண்கள் 3.9 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தார்கள். இதை அப்படியே மருந்துச்சீட்டில் எழுதிவிட முடியாது. ஏற்கெனவே உடல்நலம் உள்ளவர்தான் வேகமாக ஓட்டுவார், வேகத்தைச் சொன்னதும் அவரவரே. ஆனாலும் நேரத்தோடு கடுமையையும் கேட்க இது போதுமான காரணம். பேசிக்கொண்டே ஓட்ட முடிந்ததா, ஒரு வரி பேசுவதற்குள் மூச்சு வாங்கியதா என்று கேட்டால் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அலுவலக நாட்களில் சைக்கிளைத் தொடாமல், ஞாயிறு விடியலில் கிளம்பி எண்பது கிலோமீட்டர் போய், பொங்கல் வடை சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள். இதைக் குறைசொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதயத்தைப் பொறுத்தவரை அந்தக் குறைக்கு ஆதாரம் போதாது. பிரிட்டன் பயோபேங்க் திட்டத்தில் மணிக்கட்டுக் கருவியோடு அளக்கப்பட்ட 89,573 பேரின் தரவுகளை வைத்து 2023-இல் வெளியான ஆய்வில், வாரத்தின் உழைப்பில் பாதிக்கு மேல் ஓரிரு நாளில் முடித்துவிட்டவர்களுக்கும், அதே அளவை வாரம் முழுக்கப் பரப்பியவர்களுக்கும் இதயநோய் அபாயம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. ஆகவே ஞாயிறு ரைடரைப் பயமுறுத்த நமக்கு உரிமையில்லை.

தசைநாணும் கழுத்தும் வேறு கதை. ஆறு நாள் நாற்காலியில் இருந்த உடலை ஏழாம் நாள் நான்கு மணி நேரம் குனிய வைத்தால் கழுத்தின் பின்தசைகள் அதற்குத் தயாராக இருப்பதில்லை. இங்கே நாம் பார்க்க வேண்டிய எண், வாரக் கூட்டுத்தொகையில் மிக நீண்ட ஒற்றை ரைடின் பங்கு. ஐந்து மணி நேரத்தை நான்கு நாளாகப் பிரித்தவரும், ஒரே காலையில் முடித்தவரும் செயலியில் ஒரே எண்ணாகத் தெரிவார்கள். நம் குறிப்பில் அப்படித் தெரியக் கூடாது.

திடீர் உயர்வின் ஆபத்தைப் பற்றிச் சைக்கிளைவிட ஓட்டத்தில்தான் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதீர்கள் என்று நாம் மந்திரம்போல் சொல்லிவருகிறோம். புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரை வைத்து நெதர்லாந்தின் குரோனிங்கனில் நடந்து 2008-இல் வெளியான சோதனையில், மெல்ல மெல்லக் கூட்டிய 13 வாரத் திட்டத்திலும் வழக்கமான 8 வாரத் திட்டத்திலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. வித்தியாசமே இல்லை. மாறாக, 5,200 ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து 2025-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்டது நமக்கு முக்கியமானது. வாரத்துக்கு வாரம் கூட்டுத்தொகை மாறியதைவிட, கடந்த 30 நாளின் மிக நீண்ட ஓட்டத்தை ஒரே நாளில் 10 விழுக்காட்டுக்கு மேல் தாண்டியதோடுதான் காயம் ஒட்டியிருந்தது. சைக்கிளில் தரையில் மோதும் அதிர்வு இல்லை என்பதால் அதே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் நம் ஊரில் அந்தத் தாவல், பிரெவே எனப்படும் நேர வரம்புள்ள நெடுந்தூர ரைடுகளின் சீசனில் கண்முன்னே நடக்கிறது. 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிடத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். ஒரே சீசனில் நான்கையும் முடித்தவர் சூப்பர் ராண்டனர். அழகான இலக்குதான், அதை அடைந்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எண்பது கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தறியாதவர் நண்பர்களின் உந்துதலில் 200-க்குப் பெயர் கொடுத்துவிடுகிறார். அக்கிலிஸ் தசைநாண் வீங்கி, பெரினியம் மரத்து, மறுவாரம் நம் வாசலில் நிற்கிறார். அவருடைய வாரச் சராசரியைக் கேட்டால் நூறு என்பார், அது உண்மையாகவும் இருக்கும். கடந்த மாதத்தின் மிக நீண்ட ரைடு எத்தனை மணி என்று கேட்டிருந்தால் ஒரே விடையில் காரணம் கிடைத்திருக்கும்.

அதிகம் ஓட்டுகிறவர்களைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு வேறு எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்களின் இதயமும் நுரையீரலும் நம்மை மயக்கிவிடும், எலும்பைப் பார்க்க மறந்துவிடுவோம். 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சாலைச் சைக்கிள் ஓட்டும் ஆண்களில் 63 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பிலோ இடுப்பிலோ எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. ஓட்டக்காரர்களில் அது 19 விழுக்காடுதான். சிறிய ஆய்வு, ஆனாலும் காரணம் தெளிவானது: சேடில் உடல் எடையைத் தாங்கிக்கொள்கிறது, எலும்புக்கு வேலை இல்லை. அதோடு எடை குறைய வேண்டும் என்று உணவையும் சுருக்கினால் நிலைமை மோசமாகும். பெண்களிடம் மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று கேட்க நாம் தயங்கக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி என்பது அதே 2020 வழிகாட்டுதலில் இருக்கும் பகுதிதான். சைக்கிள்காரர்கள் அதைப் படிப்பதில்லை, நாம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

விடைகளைச் சரிபார்ப்பதும் நம் வேலை. நினைவிலிருந்து சொல்லும் எண்கள் பெரும்பாலும் நல்ல வாரத்தின் எண்கள். ஸ்ட்ராவா, கார்மின் வைத்திருப்பவரிடம் கடைசி நான்கு வாரங்களைக் காட்டச் சொல்லுங்கள். சைக்கிள் நகர்ந்த நேரத்தையும், தேநீருக்கு நின்றதைச் சேர்த்த மொத்த நேரத்தையும் செயலி தனித்தனியாகத் தரும், நமக்கு வேண்டியது முதலாவது. வேலைக்குச் சைக்கிளில் போய்வருகிறவர் அந்த நேரத்தைச் சொல்லவே மாட்டார், அது அவருக்குப் ‘பயிற்சி’ அல்ல. முழங்காலுக்கு அந்த வேறுபாடு கிடையாது.

இவ்வளவையும் கேட்பது “சைக்கிளை நிறுத்துங்கள்” என்று சொல்வதற்காக அல்ல. அந்த அறிவுரைதான் நம் துறையில் மிக மலிவாக வழங்கப்படுகிறது. மணிக்கணக்கு கையில் இருந்தால் நீண்ட ரைடை மட்டும் பாதியாக்கலாம், நாட்களைக் கூட்டலாம், ஏற்றங்களை ஒத்திவைக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம். எண் இல்லாதபோதுதான் முழு ஓய்வு என்று எழுதிக் கை கழுவுகிறோம். நடுவயதில் ஒருமுறை விட்டவரை மறுபடி சேடிலில் ஏற்றுவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும்.

வரும் இதழ் முதல், சைக்கிள் ஓட்டுவோர் பற்றி நமக்கு அனுப்பப்படும் நோயாளி அறிக்கைகளில் இந்த விவரங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்: வாரத்தில் மிதித்த மணி நேரம், எத்தனை நாள், கடந்த 30 நாளின் மிக நீண்ட ரைடு, வழக்கமான கடுமை, வலுவூட்டும் பயிற்சி உண்டா இல்லையா. கிலோமீட்டரும் எழுதலாம். கிலோமீட்டர் மட்டும் எழுதிய அறிக்கைகள் திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்படும்.