வழிகாட்டியும் வியாபாரியும்

எட்னா எரிமலையில் பத்துப் பேராக, தலைக்கவசம் மாட்டி, வழிகாட்டியின் பின்னால் ஒரு பகல் நடந்து திரும்புவது நம் கவிஞர்களுக்குக் கேலிக்குரியது. அதில் 'அனுபவம்' இல்லையாம். தனியே ஏறி அதன் வாயில் குதித்த எம்பெடாக்ளிஸ்தான் லட்சியம். வெறும் பம்மாத்து. அந்தக் குதிப்பே கட்டுக்கதை. அதை 1852இல் கவிதையாக்கிய ஆர்னால்டே, செயலில் வடிகால் காணாத துன்பம் கவிதைக்கு ஆகாது என்று அடுத்த வருஷத் தொகுப்பில் அதைச் சேர்க்கவில்லை.

வழிகாட்டி இருந்துவிட்டால் மட்டும் போதுமா? நியூசிலாந்தின் ஃபகாரி எரிமலைத் தீவில் 2019 நவம்பரில் எச்சரிக்கை நிலை 2க்கு உயர்ந்தது. சுற்றுலா நிற்கவில்லை. டிசம்பர் 9இல் வெடித்தபோது அங்கே 47 பேர். இறந்தவர்கள் 22, அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு.

புகையையும் காற்றையும் பார்த்து, 'இன்றைக்கு இவ்வளவுதான், திரும்புங்கள்' என்று சொல்கிறவன் வழிகாட்டி. காசு வாங்கியாயிற்றே என்று உச்சிக்கு அனுப்புகிறவன் வியாபாரி. வருகிற தொகுப்பையெல்லாம் சிகரம் என்று காட்டும் விமர்சகர்கள் நம்மிடம் ஏராளம். வாசகனைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிய ஒருவரைக் காட்டுங்கள்.