சங்கு எங்கே நிற்கிறது, சாவி யாரிடம்?

பேரிடரை முன்னறியும் வல்லமை ஓர் அரசுக்கு வாய்த்துவிட்ட பின், அவ்வறிவைக் கடைக்கோடிக் குடிசையின் செவிவரை கொண்டுசேர்க்கும் கடமையிலிருந்து அது விலக இயலாது. அக்கடமையின் கடைசிக் கண்ணி, கடலோர ஊர்களில் கம்பத்தின் உச்சியில் நிற்கும் அபாயச் சங்கு. கைப்பேசி அணைந்து, மின்சாரமும் போன நள்ளிரவில், உறங்குவோரை எழுப்பும் ஆற்றல் அதற்கே உண்டு.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவை ஒட்டிய கடலடி நிலம் அதிர்ந்தபோது நமக்குக் காலை 6.28 மணி. ஆழிப்பேரலை நம் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த அவகாசத்தைப் பயன்படுத்த ஏற்பாடு ஏதும் இல்லாமற்போனதால், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே காலையில், புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்த உறவினர் ஒருவரின் தொலைபேசி எச்சரிக்கை வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த அறிவு மையத்தின் கதவை ஊரார் உடைத்தனர். கடலுக்குப் போவோருக்கு அலையின் உயரத்தை அறிவித்துவந்த ஒலிபெருக்கியிலேயே, ஓடுங்கள் என்று கூவினர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். கருவி எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்; அதன் குரலும் ஊருக்குப் பழகியிருந்தது. ஆயினும் கதவை உடைக்க நேர்ந்ததே, அதை நாம் மறந்துவிடலாகாது.

அதன் பின்னர் நாடு வாளாவிருக்கவில்லை. 2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஒடிசா தன் ஆறு கடலோர மாவட்டங்களில் 122 எச்சரிக்கைக் கோபுரங்களை நிறுவி 2018இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. தமிழகக் கரையிலும் சங்குகள் நிற்கின்றன. எனினும், நிற்பது வேறு, வேளைக்கு ஒலிப்பது வேறு. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் நூற்றுக்கணக்கான சங்குகள் உண்டு. மாதந்தோறும் ஒலித்துச் சோதிக்கும் வழக்கமும் உண்டு. இருந்தும் 2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா நகரம் தீயில் வெந்தபோது அங்கு ஒரு சங்கும் ஊதவில்லை. ஒலி கேட்டால் ஆழிப்பேரலை என்றெண்ணி மக்கள் மலைப்பக்கம், அதாவது தீயை நோக்கியே, ஓடியிருப்பர் என்று பொறுப்பதிகாரி விளக்கம் கூறினார். மறுநாளே பதவி விலகினார். நூறு உயிர்களுக்கு மேல் போயின. அவ்விளக்கம் மெய்யெனில், ஒரு சங்குக்கு ஒரே பொருளை மட்டும் கற்பித்து வைத்ததன் விலை அது.

ஆகவே, கரையோரச் சங்குகள் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றி, அதனை மக்கள் பார்வைக்கு வைக்குமாறு அரசை வலியுறுத்துகிறோம். எந்தத் தெருவில் நிற்கிறது, எவ்வளவு தொலைவு கேட்கும், மின்கலம் எப்போது மாற்றப்பட்டது, கடைசியாக எந்நாளில் ஒலித்தது, இயக்கும் அறையின் சாவி யாரிடம் என்பவை அதில் இருத்தல் வேண்டும். உப்புக்காற்றில் திருகாணி துருப்பிடித்து, ஒலிக்குழலின் வாயில் குருவி கூடுகட்டியிருப்பதைத் தலைநகரின் கட்டுப்பாட்டு அறை காணாது. அவ்வழியே வலை சுமந்து செல்பவர் காண்பார். கம்பங்களைத் தேடிச் சென்று படம்பிடித்துக் குறித்துவைக்கும் ஆர்வலர்களை ஐயத்துடன் விரட்டாமல், அவர்கள் குறிப்பையும் பதிவேட்டில் சேர்ப்பதே அறிவுடைமை.

இங்கே, ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைமீது, வாழவந்தி என்னும் ஊரில், இது தொலைதூரக் கவலையாகத் தோன்றலாம். ஆனால் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், அடுத்த நாள்களில் ஏற்காட்டின் மீது ஒரே நாளில் 200 மில்லிமீட்டரைக் கடந்த மழையைக் கொட்டிற்று; மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கடலின் சீற்றம் மலைக்கும் வருகிறது என்றால், மலைக்கும் சங்கு வேண்டும். கரையில் அதன் பொருள் கடலை விட்டு விலகு என்பது. இங்கோ சரிவையும் ஓடையையும் விட்டு விலகு என்பதாக இருத்தல் வேண்டும். அந்த வேறுபாட்டை மக்களுக்குப் பயிற்றுவித்த பின்னரே கம்பம் நட வேண்டும். அதுவரை, கரையோர ஊராட்சிகளேனும் வரும் அக்டோபர் 2 கிராமசபையில் தத்தம் சங்குகளின் பதிவேட்டை உரக்க வாசித்து, அவ்விடத்திலேயே ஒருமுறை ஒலித்துக் காட்டட்டும்.